விடுதலைப் பத்திரம்: நெல்லைச் சீமையில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்: பாளையங்கோட்டை

நெல்லை எக்ஸ்பிரஸ் ஜங்ஷனில் நின்றபோது நன்றாக விடிந்திருந்தது. ஆட்டோ சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டியபோது எட்டிப் பார்த்தேன். லெந்து காலத்துத் (தவக்காலத்துத்) தாமிரபரணி, ஒரு ஓரமாகத் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

எதற்காக வந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிப் பார்க்க மட்டும் வரவில்லை. தங்கச்சியைப் பார்க்க வந்திருக்கிறேன். சென்னையிலிருந்து நேராக அவள் ஊருக்கே போயிருக்கலாம், அதற்குத் தைரியம் வரவில்லை. அதனால் மூன்று நாள் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அம்மா 2005-ல் இறந்தார்கள். வீடும் அதை ஒட்டிய 14 சென்ட் நிலமும் அம்மா பேரில் இருந்தன. எங்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி எனக்கும் தங்கச்சிக்கும் சரிபாதி. “பட்டா மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து வேணும்” என்று சொல்லி அவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். அவள் படித்துப் பார்க்கவில்லை. அண்ணன் சொன்னால் அவளுக்கு அது போதும். அவள் கையெழுத்து போட்டது தன் பங்கு முழுவதையும் எனக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில். அடுத்த வருஷம் இடத்தை ஆறு லட்சத்துக்கு விற்றேன். வாங்கியவர் வேலி போட வந்த அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. போன் செய்தாள். “அண்ணே, கேட்டிருந்தா குடுத்திருப்பேனே” என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அந்தப் பத்திரத்துக்கு நம் ஊரில் பெயர் விடுதலைப் பத்திரம். அன்றிலிருந்து ஒரு நாள்கூட எனக்கு விடுதலை இல்லை.

மத்தியானத்துக்கு முன்னால் பாப்பாத்தி அம்மாள் கோயிலுக்குப் போனேன். குளோரிந்தா கட்டிய ஆலயத்தைப் பாளையங்கோட்டையில் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். தஞ்சாவூரின் மராட்டிய பிராமணக் குடும்பத்துப் பெண் அவர், இளம் விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (பாதிரியாரை இங்கே ஐயர் என்போம்) மறுத்துவிட்டார். திருமணம் இல்லாத வாழ்க்கை என்பதுதான் காரணம். அதிகாரி இறந்தபிறகு, 1778-ல், அதே சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் எழுதிய சபைப் பதிவில் நாற்பது பேர் இருக்கிறார்கள், முதல் பெயர் குளோரிந்தா. 1785-ல் இந்த ஆலயம் எழும்பியது.

சின்ன ஆலயம்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரே ஒரு எண்ணம் விடாமல் வந்தது. ஒருமுறை முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் பெயர்தான் நெல்லைத் திருச்சபையின் முதல் ஏட்டில் முதல் வரியில் இருக்கிறது. அந்த மறுப்பைக் கேட்டபிறகும் அவர் ஆண்டவரை விட்டு விலகவில்லை. மனிதர் சொன்ன “இல்லை”யை அவர் தேவன் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் யாரும் “இல்லை” என்று சொல்லவே இல்லை. ஆனாலும் இத்தனை வருஷம் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஊசிக்கோபுரம் பார்த்தேன். ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டிய ஆலயம். கோபுரம் பின்னால் வந்தது. உள்ளே பாடகர் குழு கீர்த்தனை பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள், வெளியில் நின்றே கேட்டேன்.

இரண்டாம் நாள், வெள்ளி: இடையன்குடி

பாளையங்கோட்டையிலிருந்து திசையன்விளை பஸ். ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வருவது இந்தப் பக்கத்தில் ஒரு தனிச் சந்தோஷம். சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆனந்தபுரம், சாந்தபுரம். எல்லாம் சபையார் குடியேறி, தங்களுக்குக் கிடைத்ததற்குப் பேர் வைத்த ஊர்கள். கடாட்சம் கிடைத்த ஊர், ஆனந்தம் கிடைத்த ஊர்.

வழியில் ஒரு சுமைதாங்கி பார்த்தேன். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டது. சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்த காலத்தில், இறக்கிவிடவும் ஏற்றிவிடவும் ஆள் இல்லாதவர்கள் தலை உயரத்துக்கு இருக்கும் அந்தக் கல்லில் சுமையைச் சரித்துவிட்டு மூச்சு வாங்குவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக இதை நட்டுவைப்பது வழக்கம். இப்போது அதன்மேல் யாரோ ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்கு இரட்சணிய யாத்திரிகம் மனப்பாடம். கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளை எழுதிய கிறிஸ்தவக் காவியம். திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் பாடுவார். யாத்திரிகனின் முதுகுச் சுமை சிலுவையண்டையில் கழன்று விழும் இடம் வரும்போது குரல் மாறிவிடும். அந்தச் சுமை பயணத்தின் முடிவில் விழுவதில்லை. விழுந்தபிறகுதான் நடக்க வேண்டிய தூரமே நிறைய மிச்சம் இருக்கிறது. அப்பா பாடக் கேட்ட சிறுவயதில் இது எனக்கு உறைக்கவில்லை.

நான் செய்துகொண்டிருந்தது என்ன? ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கை ஜெபத்தில் சுமையை இறக்கி வைப்பேன். பாட்டு முடிந்து வெளியே வரும்போது மறுபடியும் தலையில் ஏற்றிக்கொள்வேன். சிலுவையைச் சுமைதாங்கியாக்கி வைத்திருந்தேன்.

இடையன்குடியில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. கால்டுவெல் ஐயர் 1841-ல் இங்கே வந்தார். பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் அஸ்திவாரம் போட்டு, 1880-ல்தான் பிரதிஷ்டை செய்தார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-ல். அப்போது இந்தச் சுவர்கள் அரைகுறையாக நின்றிருக்கும். 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1849-ல் அவர் எழுதிய ஒரு சிறு நூல், இந்தத் தேரிக்காட்டில் பனை ஏறிப் பிழைத்த எங்கள் மக்களை இழிவாகக் காட்டியது. அது உண்டாக்கிய கோபம் பல வருஷம் ஓயவில்லை. எங்கள் தாத்தா தலைமுறையில்கூட அதைப் பேசுவார்கள். பேசிவிட்டு, அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்ததையும், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றியதையும் பேசுவார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார்கள். மன்னிப்பது என்றால் மறந்துபோவது என்று நினைத்திருந்தேன். இந்த ஊர் எதையும் மறக்கவில்லை, ஆனால் அவர் கல்லறை ஆலயத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். நான் நின்றபடி சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பப் போனேன். “உக்காருங்க அண்ணாச்சி. முப்பத்துமூணு வருசம் கட்டுன கோயிலு. கால் மணி நேரத்துல பாத்துட்டுப் போவணும்னா எப்படி?” என்றார்.

உட்கார்ந்தேன். வேதாகமத்தைத் திறந்து சங்கீதம் 32 வாசித்தேன். “நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று.” அப்புறம், ஏனென்று தெரியாமல், லூக்கா 19. சகேயு. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய, ஆயக்காரரின் (வரி வசூலிப்பவர்களின்) தலைவன். ஞாயிறு பள்ளியில் அத்திமரம் வரைந்து வண்ணம் தீட்டிய கதை. எத்தனை தடவை வாசித்திருப்பேன்! என் பையில் தங்கச்சி பேருக்கு எழுதிய ஒரு செக் இருக்கிறது. இதற்கு முன்னால் இரண்டு செக் எழுதி, இரண்டு தடவையும் தபாலில் அனுப்பப் போய், கவரோடு திரும்பி வந்திருக்கிறேன். முதலில் விற்ற விலையில் பாதி போட்டேன். போதாது என்று தோன்றியது. வட்டி சேர்த்தேன். அதுவும் போதவில்லை. இந்தத் தடவை இன்றைய நில விலையைக் கேட்டு, அதில் பாதி, பதினைந்து லட்சம். எழுதி முடித்தபோதும் போதவில்லை. சரியான தொகை கிடைத்தால்தான் ஆண்டவர் முகத்தைப் பார்க்க முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சகேயு கதையில் வரிசை வேறு. அவன் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னபிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. முதலில், மரத்தில் இருக்கும்போதே, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். கூட்டம் முறுமுறுத்தது. அவர் போனார். கணக்கு அதற்கு அப்புறம்தான் வருகிறது, அதுவும் அவர் கேட்காமலே.

என் வீட்டுக்கு அவர் வந்து எத்தனை வருஷம் ஆகிறது? நான்தான் கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் வாசலில் நிற்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

முழங்கால் போட்டேன். “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்.” சிறுவயதில் மனப்பாடம் செய்த வசனம். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். நான் செய்ததற்குப் பேர் மோசடி. அதையும் அந்தப் பேரைச் சொல்லியே சொன்னேன். “பிழை”, “குறை” என்று இதுவரை எத்தனை மெத்தை போட்டு வைத்திருந்தேன்! அழுகை வந்தது. பெரியவர் வாசலில் தன் பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. திசையன்விளையில் ஒரு லாட்ஜில் அறை. ராத்திரி இட்லி சாப்பிட்டேன். சீக்கிரம் தூங்கப் போகிறேன்.

மூன்றாம் நாள், சனி: முதலூர், மெஞ்ஞானபுரம், தங்கச்சி வீடு

நன்றாகத் தூங்கினேன். இதை எழுதுவதற்குக் காரணம், எனக்கு இது புதுசு.

சாத்தான்குளம் பஸ் பிடித்து, அங்கிருந்து முதலூர். 1799-ல் சுந்தரானந்தம் தாவீது என்ற உபதேசியார், விசுவாசத்துக்காக ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றிய இடம். புகலிடமாக எழுந்த முதல் ஊர், அதனால் முதலூர். தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வா இங்கே பேர்போனது. தங்கச்சிக்குப் பிடிக்கும். அரைக் கிலோ வாங்கினேன். வாங்கியபிறகு, இதை எப்படி நீட்டுவேன் என்று பயமாக இருந்தது.

மெஞ்ஞானபுரம் கோபுரம் வெகு தூரத்திலேயே கண்ணுக்குப் பட்டுவிடுகிறது. 192 அடி. ஜான் தாமஸ் ஐயர் 1837-ல் வந்தபோது இது வெறும் செம்மணல் காடு. பனைமரங்களுக்கு மேலே ஊசிமுனை தெரிந்ததும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பாட்டி ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். மாவட்டம் 1986-ல் பிரிந்து இப்போது தூத்துக்குடி என்று எழுதுகிறோம். ஆனால் வாயில் வருவது திருநெல்வேலிச் சீமைதான்.

அவள் ஊர் அங்கிருந்து பக்கம். பேர் வேண்டாம். வீடு பூட்டியிருந்தது. “அக்கா விடிலியில இருக்காவ” என்று எதிர்வீட்டுப் பையன் கை காட்டினான்.

விடிலி என்றால் பதநீர் காய்ச்சும் ஓலைக் கொட்டகை. பனங்காட்டுக்குள் பத்து நிமிஷ நடை. தூரத்திலிருந்தே அந்த வாசனை, பதநீர் சுண்டும்போது வருகிற, இனிப்பும் புகையும் கலந்த வாசனை. அம்மாவின் சேலையில் இருந்த வாசனை. உள்ளே அடுப்பில் பனைமட்டை எரிந்துகொண்டிருந்தது. அவள் துடுப்பைப் பிடித்துப் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது.

“வாங்கண்ணே” என்றாள். ஆச்சரியம் இருந்தால் காட்டிக்கொள்ளவில்லை. “தள்ளி நில்லுங்க, புகை அடிக்கும். பாகு பதத்துக்கு வருது, இப்ப விட்டுட்டு வர முடியாது.”

உட்காரச் சொல்லும்வரை காத்திருந்தால் மறுபடியும் தைரியம் போய்விடும் என்று தெரிந்தது. நின்றபடியே சொன்னேன். பட்டாவுக்கு என்று சொன்னது பொய், தெரிந்தே சொன்ன பொய். அம்மா போன துக்கம் ஆறாத நேரத்தில் உன்னைக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினேன். உன் பங்கில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். நான் செய்தது மோசடி. இத்தனை வருஷம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என்னை மன்னித்துவிடு.

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. பாகு தடித்துக் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. துடுப்பைத் தூக்கி, ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தாள். திரண்டது. இறக்கி, வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்ற ஆரம்பித்தாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. கடைசிச் சிரட்டை நிறைகிறவரை ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை.

செக்கை நீட்டினேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினாள். எழுத்தில் எழுதியிருந்த தொகையை இரண்டு தடவை படித்தாள்.

“இத வேண்டாம்னு சொல்ல மாட்டேண்ணே. இது என் பங்கு.”

“ஆமா.”

“மன்னிச்சிட்டேன்னு சொல்லிரலாம். சொல்லுதது லேசு. கோயில்ல எத்தனையோ தடவ சொல்லிப் பாத்திருக்கேன், உங்க பேரச் சொல்லி. வீட்டுக்கு வந்தா திரும்பவும் வந்து உக்காந்துக்கும். எனக்குப் பணம் போனது இல்லண்ணே. என்னைப் படிக்க விடாமப் பண்ணிட்டியளே, அந்தத் தாளை. அதுதான். எனக்கு இன்னும் கொஞ்ச நாளாவும்.”

“சரிம்மா” என்றேன்.

போன வாரம் வரை இந்தப் பதிலைத்தான் பயந்துகொண்டிருந்தேன். இதைக் கேட்டால் செத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். கேட்டேன். வலித்தது, நன்றாகவே வலித்தது, அவளுக்காக. ஆனால் நேற்று இடையன்குடியில் முழங்காலில் கிடைத்தது அப்படியே உள்ளே இருந்தது. அது அவள் வாயிலிருந்து வர வேண்டியதாக இருந்திருந்தால் அந்த விடிலியில் நான் விழுந்திருப்பேன். அவள் தரவேண்டியதை அவளை நெருக்கி வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போயிற்று. அவளுக்கும் நாள் எடுத்துக்கொள்ள இடம் கிடைத்தது. ஆண்டவரை நம்புவது என்று இத்தனை நாள் வாயால் சொன்னதன் அர்த்தம் இதுதான் போலிருக்கிறது.

அல்வாவைப் பார்த்து, “முதலூர்ல இறங்குனியளா?” என்றாள். மாப்பிள்ளை வந்ததும் மூன்று பேரும் பட்டையில் பதநீர் குடித்தோம். ராத்திரி அவர்கள் வீட்டிலேயே தங்கச் சொன்னார் மாப்பிள்ளை. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, பாய் விரித்துப் போட்டாள்.

நான்காம் நாள், ஞாயிறு

காலை ஆராதனைக்கு மூவரும் நடந்தே போனோம். நற்கருணை இருந்தது. நற்கருணையை அபாத்திரமாய், தகுதியில்லாமல், புசிக்கிறவனைப் பற்றிப் பவுல் எழுதியது ஒவ்வொரு தடவையும் என் தொண்டையில் அப்பத்தோடு சேர்ந்து இறங்கும். சில மாதங்கள் ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமலே இருந்திருக்கிறேன். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில், “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று இருக்கிறது. கடன் என்ற அந்தச் சொல்லைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இன்று திருப்பவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அவளும், ஆண்கள் பக்கத்திலிருந்து நானும் போய் முழங்காற்படியிட்டோம். நடுவில் ஏழெட்டுப் பேர். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அப்பத்தை வாங்கிக் கை நடுங்காமல் வாயில் வைத்தேன்.

மத்தியானம் சோறும் கருவாட்டுக் குழம்பும். அதிகம் பேசவில்லை. அவள் மகன் பெங்களூரில் வேலை பார்ப்பதைச் சொன்னாள், அவன் அனுப்பிய போட்டோவைக் காட்டினாள். என்னைப்போலவே காது என்றாள்.

நான்கு மணிக்குப் பஸ். நிறுத்தம் வரை கூடவே வந்தாள். பஸ் வரும் சத்தம் கேட்டதும், சேலைக்குள் வைத்திருந்த ஒரு ஓலைக் கொட்டானை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே நேற்று ஊற்றிய கருப்பட்டி, எட்டு. கொட்டானின் விளிம்பு பிரிந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தது.

“அம்மை முடஞ்சது” என்றாள். “கருப்பட்டிய வச்சிக்கிடுங்க. கொட்டானத் திருப்பிக் கொண்டாந்து தரணும்.”

சரி என்றேன்.

“தபால்ல அனுப்பக் கூடாது” என்றாள்.